எரியாத ஆறு மணி நேரம்

அந்தத் தாளில் மொத்தம் பதினோரு வரி. புனிதவதி மூன்று தடவை எண்ணிவிட்டாள். எண்ணுவதற்கு அதில் ஒன்றுமில்லைதான். ஆனால் படித்தால் கோபம் வருகிறது, எண்ணினால் அவ்வளவாக வரவில்லை, அதனால் எண்ணினாள். வழவழப்பான வெள்ளைத் தாள், மேலே பச்சை எழுத்தில் கண்ணாடிக் கம்பெனியின் பெயர், கீழே அவள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பதினான்கு வருஷமாக ஆய்வகத்தில் நாளைக்கு நாற்பது கையெழுத்துப் போடுகிறவளுக்கு எங்கே போடவேண்டும் என்று குறி வைத்துக் காட்டுகிறார்கள். எழுதத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கும்போது இப்படித்தான் இடம் காட்டுவார்கள். அம்பத்தூரில், பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில், ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவரின் அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம். அதில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. இந்தப் பெஞ்சில் அவளும் கம்பெனியின் பணியாளர் மேலாளர் சபேசனும். அந்தப் பெஞ்சில் ஏகாம்பரம், வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. உள்ளே விசாரணை அதிகாரி என்று கம்பெனியே அமர்த்திய அந்த வக்கீல் வேறு யாருடைய வழக்கையோ முடித்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தின் மேல் குற்றச்சாட்டு இதுதான்: வீட்டில் எப்படியோ பட்ட காயத்தைக் கம்பெனி அமிலத்தால் பட்டதாகப் பொய் சொன்னார். அது நிரூபணம் ஆனால் பத்தொன்பது வருஷ வேலை போகும், மோதிர விரலின் நுனி ஏற்கெனவே போய்விட்டது, கூடவே பொய்யன் என்ற பட்டமும் சேரும். நிரூபிப்பதற்கு அவர்களிடம் இருந்தது இந்தப் பதினோரு வரியும், கையெழுத்துப் போட வேதியியல் படித்த ஒருத்தியும். மணி பத்து நாற்பது ஆகியிருந்தது.

நாலாவது வரி. எண்ணும்போதும் நாலாவது வரியில்தான் விரல் நின்றுவிடுகிறது. ‘அமிலம் தோலில் பட்ட மாத்திரத்தில் எரிச்சல் உண்டாகும் என்பது அனைவரும் அறிந்ததே.’ அனைவரும் என்றால் யார்? சபேசனா? அவருக்குத் தெரிந்த அமிலம் அவர் வயிற்றில் இருப்பது ஒன்றுதான், அதற்கும் மாத்திரை போட்டுக்கொள்கிறார். காலை எட்டரை மணிக்கு அமிலம் பட்டிருந்தால் பகல் இரண்டு மணி வரை ஒரு மனிதர் வாய் திறக்காமல் வேலை செய்திருக்க முடியாதாம், ஷிப்ட் முடிந்து சிரித்துக்கொண்டே கேட்டைத் தாண்டியிருக்க முடியாதாம், அந்தச் சிரிப்பு கேமராவில் வேறு பதிவாகியிருக்கிறதாம். வலி வந்தது வீட்டில் இரண்டரை மணிக்கு. ஆகவே பட்டதும் வீட்டில், கழிப்பறை கழுவுகிற ஆசிட்டாக இருக்கலாம். ஆகவே என்ற சொல்லை இவ்வளவு தைரியமாக எழுத ஒன்றுமே தெரியாமல் இருக்கவேண்டும். கழிப்பறை ஆசிட் அவளுக்குத் தெரியாதா? அக்கா ஒரு தடவை புட்டியைக் கவிழ்த்துக்கொண்டு தெருவே கூடுகிற மாதிரி கத்தினாள், பாதத்தில் பட்டு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், சாயங்காலம் அக்கா சினிமாவுக்குப் போனாள். அது ஹைட்ரோகுளோரிக். அதன் குணம் அது. குளோரின் அணு பெரிசு, ஹைட்ரஜனைத் தள்ளியே பிடித்திருக்கும், பிடி தளர்வு. தண்ணீரைக் கண்டதும் விட்டுவிடும். விடுபட்ட ஹைட்ரஜன் அத்தனையும் தோலின் மேலேயே பாய்ந்து கடிக்கும், கடித்ததும் ஆள் கத்துவான், கத்தினால் கழுவுவான், கழுவினால் பிழைப்பான். வாசலிலேயே குரைத்துவிடுகிற நாய். ஆனால் கண்ணாடியை மங்கலாக்குகிற தொட்டியில் இருப்பது அதுவா? அங்கே இருப்பது ஹைட்ரோபுளோரிக். புளோரின் பொடி அணு. ஹைட்ரஜனை நெஞ்சோடு நெஞ்சாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் போட்டாலும் லேசில் விடாது. நூறு மூலக்கூறு இருந்தால் பிரிந்து நிற்பது ஏதோ நாலைந்து, மிச்சமெல்லாம் பிரியாமல் முழுசு முழுசாக, மின்னூட்டம் எதுவும் இல்லாமல், நல்ல பிள்ளை மாதிரி. மின்னூட்டம் இருப்பதைத்தான் தோல் தடுக்கும், இதைத் தடுக்காது. எரிச்சல் காட்டாமல் தோலுக்குள் இறங்கி, தசைக்குள் இறங்கி, எலும்புப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே பிரியும். பிரிந்த புளோரைடு கிடைக்கிற கால்சியத்தையெல்லாம் வாரிக்கொள்ளும், நரம்பு அப்போதுதான் அலறும். அதற்கு ஒரு மணியும் ஆகலாம், ஆறு மணியும் ஆகலாம், எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு தாமதம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்கள். இங்கே எரியாத கொள்ளிதான் விரலைத் தின்றது. ஆறு மணி நேரம் எரியவில்லை என்பதை வைத்து அவரைப் பொய்யன் என்கிறார்கள். ஆறு மணி நேரம் எரியவில்லை என்பதே அது கம்பெனி அமிலம் என்பதற்குச் சாட்சி. கழிப்பறை ஆசிட்டாக இருந்தால் அந்த மனிதர் அந்த நிமிஷமே கத்தியிருப்பார். இது பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷப் பாடம்.

இரண்டாம் வருஷத்தில் அவளே தப்பாகச் சொன்னவள்தான், அதை மறைப்பானேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த அம்மாள், மூக்குக்கண்ணாடிச் சங்கிலி மார்பில் ஆட, புளோரின், குளோரின், புரோமின், அயோடின், இந்த நாலின் அமிலங்களில் எது வலுவானது என்று கேட்டாள். புனிதவதி யோசிக்காமல் ஹைட்ரோபுளோரிக் என்றாள். ஏன்? புளோரினுக்குத்தான் எலக்ட்ரான் ஆசை அதிகம் மேடம், எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கும். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இழுக்கிறவன் விடுவானா என்று மட்டும் கேட்டாள். அமிலத்தின் வலு, விடுகிறதில் இருக்கிறது பெண்ணே, ஆசையில் இல்லை. வரிசையில் கீழே போகப் போக அணு பெரிசாகும், பிணைப்பு நீளும், பிடி விடும், அயோடின்தான் முதலில் விடும். இருபதுக்குப் பதினொன்று போட்டாள். பதினொன்று. இந்தத் தாளிலும் பதினொன்று. சீ, எண்ணாதே. அன்றைக்கு அந்த அறையில் வேர்த்த மாதிரியே இன்றைக்கும் கழுத்தில் வேர்த்தது, மேலே சுற்றுகிற விசிறி பெஞ்சுக்கு அந்தப் பக்கம் தள்ளி மாட்டப்பட்டிருந்தது, காற்று முழுக்க ஏகாம்பரத்துக்குத்தான் போனது. போகட்டும். அவருக்காவது போகட்டும்.

சபேசன் டீ வரவழைத்தார். இரண்டு டீ. எதிர்ப் பெஞ்சுக்குச் சொல்லவில்லை, எதிர்ப் பெஞ்சு எதிர்த் தரப்பு அல்லவா. பத்தொன்பது வருஷம் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியை இவர் கையிலிருந்து வாங்கிய மனிதர் எதிர்த் தரப்பு. சபேசன் மோசமானவர் என்றும் சொல்லிவிட முடியாது, அதுதான் இன்னும் எரிச்சல். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், ரத்த அழுத்தம் இருக்கிறது, கோயிலுக்குப் போகிறார், ஏகாம்பரத்துக்கு நடந்ததைப் பற்றி ராத்திரி தூக்கமில்லை என்றுகூடச் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. காரில் வரும்போது முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே அவளுக்குப் புத்தி சொன்னார். கம்பெனியில் பட்டது என்று ஒப்புக்கொண்டால் இன்ஸ்பெக்டர் வருவார், தொட்டியை மூடுவார்கள், அறுபது பேர் வீட்டில் உட்காரவேண்டும், ஒருவருக்காக அறுபது பேர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தது யார் என்ற கேள்வி வரும் மேடம், அந்த ரிஜிஸ்டரில் உங்கள் கையெழுத்துத்தானே இருக்கிறது, இது உங்களுக்கும் நல்லதுதான் என்றார். இது உங்களுக்கும் நல்லதுதான். நாலாவது வரியைவிட இதுதான் அவளைக் குடைந்தது. திருட்டில் பங்கு கொடுக்கிறவனின் அன்பு அதில் இருந்தது. டீ ஆறி ஆடை கட்டியது, அவள் குடிக்கவில்லை.

பயிற்சி கொடுத்தாள், ஆமாம். மூன்று வருஷத்துக்கு முன் புதுத் தொட்டி வந்தபோது, சாப்பாட்டுக் கூடத்தில், இருபது நிமிஷம். இருபத்தோராவது நிமிஷம் போட்டோ எடுத்தார்கள். கரும்பலகையில் நாலு அமிலத்தின் பெயரையும் வரிசையாக எழுதினாள், கீழே ஹைட்ரோபுளோரிக், வலுவில் கடைசி என்று. கடைசியாக எழுதியதைக் கடைசியாகவே நினைத்துக்கொண்டார்கள். அது எப்படிக் கொல்லும் என்று சொல்ல வாய் எடுத்தபோது உற்பத்தி மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மிச்சத்தைச் சுவரில் ஒட்டுகிறேன் என்றாள், ஒட்டினாள், மூன்று பக்கம், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், தண்ணீர்ப் பானைக்கு மேலே. அந்தக் காகிதத்தின் கீழே நின்று மூன்று வருஷமாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். அதற்கு மருந்தான கால்சியம் களிம்பு கேட்டு இரண்டு தடவை எழுதினாள். கொள்முதல் பிரிவு தீக்காயத்துக்குத் தடவுகிற மஞ்சள் களிம்பை அனுப்பிவைத்தது, இரண்டும் களிம்புதானே என்று. மூன்றாவது தடவை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? தணிக்கை இருந்தது, அம்மாவுக்குக் கண் அறுவை இருந்தது, ஏதோ ஒன்று இருந்தது, எப்போதும் ஏதோ ஒன்று இருக்கிறது. அந்தச் சுண்டுவிரல் வழக்கமும் அவளுக்குத் தெரியாததில்லை. தொட்டிக்காரர்கள் எல்லாருக்கும் அது உண்டு. இரும்புச் சட்டங்களைக் கழுவ ஹைட்ரோகுளோரிக் மட்டும் இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம்: தரையில் ஈரம் கண்டால் அது அலசு தண்ணீரா ஆசிட்டா என்று தெரிய, கையுறையைக் கழற்றி இடது சுண்டுவிரலால் தொட்டுப் பத்து எண்ணுவார்கள். சுருக்கென்றால் ஆசிட், ஓடிப்போய்க் குழாயில் கழுவு. இல்லையென்றால் தண்ணீர், துடைத்துவிடு. சுண்டுவிரல்தானே, போனால் போகிறது என்று சிரிப்பார்கள். பதினாறு வருஷம் அந்த விரல் பொய் சொன்னதில்லை. புதுத் தொட்டி வந்தது, விரலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் பார்த்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்தாள். பார்த்து என்ன செய்தாள்? இது வேற ஆசிட்டுப்பா, இதைத் தொடக் கூடாது என்று சொன்னாளா? ஒரு தடவை சொன்னாள். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கூடச் சிரித்துவிட்டு வந்த அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இவர்கள் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும். சபேசன் மேல், கொள்முதல் பிரிவின் மேல், கைக்கடிகாரத்தைத் தட்டியவர் மேல், அனைவரும் அறிந்ததே என்று எழுதிய அந்த எவன் மேலோ. எல்லாருடைய பெயரையும் வரிசையாகச் சொல்லிச் சொல்லி வந்தால் கடைசியில் ஒரு இடத்தில் மனசு சடக்கென்று நின்று வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது, மாடு பழக்கமில்லாத சந்து ஒன்றைக் கண்டதும் நிற்கிற மாதிரி. அந்தக் காலை. எட்டரை மணி. வேண்டாம், அதை அப்புறம் நினைக்கலாம். மாதிரி எடுத்த நாலு பிளாஸ்டிக் புட்டி தட்டில், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், மறுமுனையில் வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியில் புள்ளி விழுந்திருப்பதாகக் கத்திக்கொண்டிருந்தார். மேல்கோட்டுப் பையில் அமிலம் காட்டும் தாள், சின்னப் புத்தகமாக, ஒரு பட்டையைக் கிழித்து ஈரத்தில் வைத்தால் மூச்சு விடுகிற நேரத்தில் சிவப்பாகிவிடும், அது பையில்தான் இருந்தது, எப்போதும் பையில்தான் இருக்கும். புதுத் தொட்டியின் பக்கத்தில் ஏகாம்பரம் குந்தியிருந்தார். அங்கே தரையில் முறம் அளவுக்கு ஈரம். மேலேயிருந்து சொட்டிய அலசு தண்ணீராகவும் இருக்கலாம், தொட்டியின் மூட்டுக் கசிவாகவும் இருக்கலாம். சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “எரியல மேடம். தண்ணிதானே?” என்று கேட்டார். அவருக்கு ஏதோ ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் கேட்கவேண்டும்? பதினாறு வருஷம் விரலைக் கேட்டவர் அன்றைக்கு அவளைக் கேட்டார். படித்தவள் போகிறாள், கேட்போம் என்று கேட்டார். அவள் நின்றாளா? நிற்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்தாளா? எடுக்கவில்லை. “ம், தண்ணியாத்தான் இருக்கும்” என்றாள். வாடிக்கையாளரின் புள்ளிக்குப் பதில் சொல்லப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் ஏகாம்பரம் இரண்டு கையுறையையும் கழற்றி வைத்துவிட்டு, பழந்துணியைச் சுருட்டி, வலது கையால் அந்த ஈரத்தை ஒட்ட ஒட்டத் துடைத்துப் பிழிந்திருக்கிறார். மூன்று தடவை பிழிந்ததாக மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்தது.

இதோ, நினைத்தாகிவிட்டது. நினைத்ததால் உயிர் போய்விடவில்லை. இந்த ஆறு வாரமாக இதே அமிலத்தைப் பற்றி எவ்வளவு நியாயம் பேசியிருக்கிறாள், வீட்டில், பேருந்தில், கண்ணாடி முன்னால், மூலக்கூறு எப்படிப் பிரியாமல் உள்ளே போகிறது, அந்த மனிதர் எப்படிப் பொய் சொல்லியிருக்க முடியாது என்று. எல்லாம் சரி. ஒரு சொல்லும் தப்பில்லை. அவ்வளவையும் சொல்லி, தான் சொன்ன மூன்று சொல்லை மட்டும் சொல்லாமல் விட்டால் முழுப் பூசணிக்காய்தான், சோறுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கையெழுத்துப் போடமாட்டேன் என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டதை நினைத்துத் தன் மேல் ஒரு மதிப்புகூட வந்திருந்தது அவளுக்கு, கார் ஏறும்போது நிமிர்ந்துதான் ஏறினாள். அந்த மதிப்பை இப்போது எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

சபேசன் போன் பேசப் படிக்கட்டுப் பக்கம் போனார். தாழ்வாரத்தில் அவர்கள் இருவர் மட்டும். ஏகாம்பரம் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு, எழுந்து, இரண்டடி இந்தப் பக்கம் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நாற்பத்தைந்து வயது, காதோரம் நரை, திருவள்ளூரிலிருந்து ரயிலில் வந்திருக்கிறார், சட்டைப் பையில் டிக்கெட் எட்டிப் பார்த்தது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள், வேறு என்ன கேட்பது. ராத்திரியில் இல்லாத விரலும் சேர்ந்து வலிக்கிறது என்றார், ஏதோ வேடிக்கை சொல்கிற மாதிரி. பிறகு படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“அன்னிக்கு நீங்க சொன்னத நான் யாராண்டயும் சொல்லல மேடம். வக்கீலு கேட்டாலும் சொல்லமாட்டேன். நீங்க பயப்படாதீங்க.”

அவளுக்கு முதலில் அது விளங்கவே இல்லை, விளங்கியதும் காது சுட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள், குரல் கோபமாக வந்தது, அவர் மேல் என்ன கோபம்? அவர் திகைத்துப்போனார்.

“நீங்க வேல மும்முரத்துல இருந்தீங்க. நான்தான் குறுக்க கேட்டேன். உங்களுக்கும் வேல போச்சுன்னா யாருக்கு என்னா லாபம்?”

சொல்லிவிட்டுப் போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். விசிறிக் காற்றில் கட்டின் நூல் ஒன்று ஆடியது. யாருக்கு என்ன லாபம். ஒருவருக்காக அறுபது பேர். இது உங்களுக்கும் நல்லதுதான். எல்லாரும் அவளைக் காப்பாற்றுகிறார்கள். கம்பெனி காப்பாற்றுகிறது, விரல் போனவரும் காப்பாற்றுகிறார். இப்படி ஊரே சேர்ந்து காப்பாற்றுவதற்கு அவள் என்ன கைக்குழந்தையா? ஆத்திரத்தில் அழுகை வந்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினால் சபேசன் தண்ணீர் வாங்கி வருவார். அடக்கிக்கொண்டாள். அந்த மனிதருக்கு இருக்கிற ஒரே துருப்பு அவள் சொன்ன மூன்று சொல். அன்று காலையில் அந்த ஈரம் இருந்தது, அவர் அதைத் தொட்டார், அதைக் கண்ணால் கண்ட ஒரு ஆள் இருக்கிறாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பதினோரு வரியும் குப்பைக்குப் போகும். வேலையையும் பெயரையும் ஒருசேரக் காப்பாற்றுகிற அந்த வார்த்தையைக் கட்டுப்போட்ட கைக்குள் வைத்துக்கொண்டு, அவளுக்காக, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பொய்யனாம் இவர்.

வினிகரில் இருக்கிற அமிலத்தை எடுத்துக்கொள், என்று மனசு சம்பந்தமில்லாமல் ஓடியது, பயந்தால் அது எப்போதும் புத்தகத்துக்குள் ஓடும். சாதுவான அமிலம், ஊறுகாயில் ஊற்றுகிறோம். அதன் மறு நுனியில் இருக்கிற ஹைட்ரஜன் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே ஒரு குளோரினை உட்கார வை. நூறு மடங்கு வலு கூடும். மூன்றையும் மாற்றி வை, தோலை உரிக்கும். விடுகிற ஹைட்ரஜன் அதே ஹைட்ரஜன்தான், அதே இடம்தான், ஆனால் பக்கத்தில் யார் உட்கார்ந்து இழுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது போகிறது அல்லது இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் வேறு எந்த ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்வார்கள்? கண்ணாடித் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், கம்பெனியைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஒரு போன் போதும். போதாதற்கு அலட்சியம், கவனக்குறைவு, அவள் பெயரில் ஒரு புகார், காவல் நிலையம்கூட வரலாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு இன்னும் அந்தக் கண்ணில் மேகம் மாதிரி இருக்கிறதாம். பேசாமல் பாதியைச் சொல்லிவிட்டு வந்துவிடலாமா, அமிலத்தின் குணத்தை மட்டும், நிபுணர் கருத்து என்ற மரியாதையோடு. அதுவே கம்பெனிக்கு எதிராகத்தானே, அதுவே தைரியம்தானே. அதைக் கேட்டு அந்த வக்கீல் என்ன சொல்வார்? ஆறு மணி நேரம் கழித்து வலிக்கக்கூடும், சரி அம்மா, ஆனால் அன்றைக்கு அவர் தொட்டார் என்று எப்படித் தெரியும் என்பார். கேமரா அந்த மூலையைப் பார்க்கவில்லை. வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அமிலத்தின் நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தும் ஏகாம்பரம் தோற்றுப்போவார். பாதி உண்மை அவரைக் காப்பாற்றாது. அவளைத்தான் காப்பாற்றும்.

கதவு திறந்து தட்டச்சு செய்கிற பெண் எட்டிப் பார்த்து, கம்பெனித் தரப்பு வரலாம் என்றாள். சபேசன் ஓடி வந்து தாளையும் பேனாவையும் ஒன்றாக நீட்டினார், மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். ஏகாம்பரமும் பின்னால் வந்து கதவோரத்தில் நின்றார். அறையில் காகித வாசனையும் பழைய ஏ.சி.யின் ஈர வாசனையும் அடித்தன. வக்கீல் எழுபதைத் தாண்டியவர், தூங்கி எழுந்த முகம், நாற்காலியைக் காட்டினார், அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தோன்றியது. வக்கீல் கையை நீட்டினார், அவள் தாளைக் கொடுத்தாள். அடியில் பார்த்தார், பென்சில் குறி மட்டும் இருந்தது, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கையெழுத்துப் போடவில்லையே என்றார். நாலாவது வரி தப்பு என்றாள். எப்படித் தப்பு என்று அவர் கேட்க, அவள் சொன்னாள், பிரியாத மூலக்கூறையும் அது உள்ளே இறங்குகிற விதத்தையும் பிந்தி வருகிற வலியையும், அந்த இருபது நிமிஷத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம், இரண்டு நிமிஷத்தில். இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிற விஷயத்தை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று சொல்லும்போதே மனசு கொதித்தது. சபேசன் இரண்டு தடவை குறுக்கே பேசப் பார்த்தார், வக்கீல் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு அவள் எதிர்பார்த்த கேள்வியை எதிர்பார்த்தபடியே கேட்டார். அன்றைக்கு இவர் அதைத் தொட்டார் என்பதற்கு என்ன ஆதாரம்?

தட்டச்சுப் பெண் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, இந்த அம்மாவைக் கம்பெனித் தரப்புச் சாட்சி என்று போடுவதா, தொழிலாளி தரப்புச் சாட்சி என்று போடுவதா என்று வக்கீலைக் கேட்டாள். கதவோரத்தில் ஏகாம்பரம் தலையை மெல்ல இடமும் வலமுமாக ஆட்டினார், வேண்டாம் என்று.

“சாட்சின்னு போடாதீங்கம்மா. அவர் விரல வச்சுப் பாத்துட்டு என்னைத்தான் கேட்டார், தண்ணிதானேன்னு. தண்ணின்னு சொன்னது நான்.”

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள், பிறகு வக்கீலைப் பார்த்தாள்.

“அதை எழுதிக்குங்க. முழுசா எழுதினப்புறம் எங்க கையெழுத்துப் போடணும்னு எனக்குத் தெரியும்,” என்றாள் புனிதவதி.